கையெழுத்து போட மாட்டேன் சார்!

முதல்லயே சொல்லிடறேன் மக்களே, இது கோபத்துல எழுதற பதிவு. பி.பி. மாத்திரையைப் போட்டுக்கிட்டுத்தான் உட்கார்ந்திருக்கேன்.

எங்க வீட்டு சின்ன மேடத்துக்கு ஜனவரியில் பத்து வயசு முடிஞ்சது. போன வருஷம் சொசைட்டி ஹாலில் பலூன், மேஜிக் மாமா, பாவ் பாஜி, ரிட்டர்ன் கிஃப்ட் என்று வழக்கமான உற்சவம். அதுக்கு முந்தின வருஷம் மால். காட்கோபரில் இருந்துகொண்டு மாலுக்குப் போகாமல் குழந்தை வளர்த்துவிட முடியுமா என்ன? இந்த வருஷம் மேடம் அக்டோபர் மாசமே முடிவைச் சொல்லிவிட்டாள். "அப்பா, மரத்துக்கு மரம் கயித்துல நடப்பாங்களே, அந்த மாதிரி பார்க்லதான் என் பர்த்டே. கேக்கெல்லாம் அப்புறம்."

எனக்கு சந்தோஷம்தான். தங்கமணிக்கும் சம்மதம். சங்கரன்கோவிலில் இருந்து அம்மா மட்டும் போன் போட்டாள். "ஏய்யா, பொம்பளப் பிள்ளைய கயித்துல கட்டித் தொங்கவிடப் போறியாமே? உனக்கு பேங்க்ல வேலை கீலை இல்லையா?"

கர்ஜத் பக்கம் ஒரு இடம் பிடித்தோம். பெயர் வேண்டாம். பதினாலு பிள்ளைகள், தலைக்கு 1,400 ரூபாய், மதியச் சாப்பாடு உண்டு, கேக் வெட்ட ஷாமியானா போட்டுத் தருவார்கள். அட்வான்ஸ் 5,000 கட்டச் சொன்னார்கள், கட்டினேன். கட்டின பிறகுதான் வாட்ஸாப்பில் ஒரு ஃபாரம் வந்தது. பிரிண்ட் எடுத்து கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டுமாம். "குழுத் தலைவர்" என்று கீழே கோடு போட்டிருந்தது. அதாவது நான்!

நான் பேங்க்காரன். இருபது வருஷமாக அடுத்தவர்களிடம் கையெழுத்து வாங்கியே வயிறு வளர்க்கிறேன். ஃபாரம் என்றால் கை தானாகவே அடியில் இருக்கிற பொடி எழுத்துக்குப் போகும். போனது. அதில் இருந்த சரக்கு இதுதான்: விளையாட்டில் காயம், ஊனம், மரணம் எது நேர்ந்தாலும் பூங்கா பொறுப்பல்ல. ஊழியர்களின் கவனக்குறைவால் நேர்ந்தாலும் பொறுப்பல்ல. குழுவில் இருக்கிற யாராவது நஷ்ட ஈடு கேட்டால் அந்தத் தொகையைக் குழுத் தலைவர் பூங்காவுக்கு ஈடு செய்வார். எல்லாப் பெற்றோருக்கும் இதை விளக்கிச் சொல்லி சம்மதம் வாங்கிவிட்டதாகக் குழுத் தலைவர் உறுதி அளிக்கிறார்.

கடைசி ரெண்டு வரியை மறுபடி படியுங்கள். எதிர் ஃபிளாட் பையன் அவர்களுடைய கயிறு அறுந்து விழுந்து, அவனுடைய அப்பா வழக்குப் போட்டால், அந்தப் பணத்தை நான் பூங்காவுக்குக் கொடுக்க வேண்டும். பி.காம். ரெண்டாம் வருஷ மெர்க்கன்டைல் லா வகுப்பில் தூங்காமல் இருந்தவர்களுக்கு இது புரியும். 1872 ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், 124 ஆம் பிரிவு, இண்டெம்னிட்டி. நான் செய்கிற காரியத்தால் வரும் நஷ்டத்துக்கு மட்டுமில்லை, மூன்றாவது மனுஷன் செய்கிற காரியத்தால் வரும் நஷ்டத்துக்கும் நான் பொறுப்பேற்கலாம் என்று சொல்கிற பிரிவு. டெபாசிட் ரசீதைத் தொலைத்துவிட்டு வருகிறவரிடம் நாங்கள் வாங்குவோமே, அதே ரகம். பிறந்தநாள் கேக்கோடு சேர்த்து அதை என்னிடம் வாங்கப் பார்க்கிறார்கள்.

போன் போட்டேன். மேனேஜர் ரொம்ப மரியாதையான பையன். "சார், எல்லாரும் போடறாங்க சார். யாரும் படிக்கிறதே இல்ல."

"சரிப்பா, என் பிள்ளைக்கு நான் போடறேன். மத்த பிள்ளைங்களுக்கு அவங்கவங்க அப்பா அம்மாகிட்ட தனித்தனியா வாங்கித் தரேன். அந்த கவனக்குறைவு வரியையும் ஈடு வரியையும் எடுத்துடு."

"தனித்தனியா குடுத்தா படிச்சுப் பார்த்து கேள்வி கேப்பாங்க சார். டைம் வேஸ்ட்."

அய்யா, இந்த பதிவே அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான். படிச்சுப் பார்த்து கேள்வி கேட்டுவிடுவார்களாம்!

பேங்க்கில் கைநாட்டு வைக்கிறவரோ, பத்திரத்தின் பாஷை தெரியாதவரோ கடன் வாங்க வந்தால், பத்திரத்தில் இருப்பதை அவருக்குப் புரிகிற பாஷையில் விளக்கினோம், புரிந்துகொண்டார் என்று தனியாக எழுதி வாங்குகிறோம். இரண்டு லட்ச ரூபாய் கடனுக்கு இவ்வளவு. ஒரு பிள்ளையை முப்பது அடி உயரத்தில் கயிற்றில் நடக்கவிட, ஆங்கிலத்தில் ஒரே ஒரு தாள், யாரோ ஒரு அங்கிள் பதினாலு பேருக்கும் சேர்த்துக் கையெழுத்து! அடுத்தவர் பிள்ளைக்காகச் சம்மதம் கொடுக்க நான் யார்? பெற்றவர்களோ சட்டப்படி காப்பாளரோ மட்டும்தான் கொடுக்கலாம். அவர்களே கொடுத்தாலும் அது "இதில் ஆபத்து உண்டு, தெரிந்துதான் அனுப்புகிறேன்" என்பதற்கான சம்மதம். "கயிற்றைச் சரியாகக் கட்டாமல் விட்டாலும் பரவாயில்லை" என்பதற்கு இல்லை. 2019 ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ஒருதலைப்பட்சமான ஒப்பந்தத்தை எதிர்த்தே மாநில ஆணையத்துக்குப் போகலாம் என்று வழி வைத்திருக்கிறார்கள். ஆனால் அதெல்லாம் விழுந்த பிறகு. விழாமல் இருக்கத்தானே நமக்கு வேணும்?

இனிமேல்தான் நம்ம ஆட்களைப் பற்றி. செருப்படி விழுந்தாலும் பரவாயில்லை, சொல்லித்தான் ஆகணும்.

எங்கள் தமிழ் குடும்பங்கள் வாட்ஸாப் குழுவில் விஷயத்தைப் போட்டேன். பத்து நிமிஷத்தில் ரெண்டு கோஷ்டி. முதல் கோஷ்டி: "ஐயோ, கயிறா? எதுக்கு சார் வம்பு, ஹால்லயே வெச்சுடுங்க." ரெண்டாவது கோஷ்டி: "சும்மா கையெழுத்தைப் போடுங்க சார். ஒண்ணும் ஆகாது. பேங்க்ல வேலை பார்த்து பார்த்து உங்களுக்கு எல்லாமே பத்திரமாத் தெரியுது." குழுவில் பதினெட்டுப் பேர். ஒருத்தர்கூட "அங்கே என்ன ஏற்பாடு இருக்கு, போய்ப் பார்த்தீங்களா?" என்று கேட்கவில்லை. பயந்தவரும் பார்க்கவில்லை, தைரியசாலியும் பார்க்கவில்லை. இதில் வேடிக்கை, முதல் கோஷ்டியில் ஏழு மணிக்குப் பேசினவர் ஒன்பது மணிக்கு ரெண்டாவது கோஷ்டியில் பேசினார். அவர் பெண் அழுதிருக்கும் போல :-)

பயப்படுகிற கோஷ்டியைக் கேட்கிறேன். பிள்ளைக்கு அபாகஸ், சனிக்கிழமை மாட்டுங்காவில் பாட்டு, ஞாயிற்றுக்கிழமை செம்பூரில் பரதம், ஆறாம் வகுப்பிலேயே ஐ.ஐ.டி. ஃபவுண்டேஷன். உடம்பால் தானே ஒன்றை முடிவு செய்து, காலை எடுத்து அடுத்த கட்டையில் வைக்கிற வேலை வாரத்தில் ஒரு நிமிஷமாவது அந்தப் பிள்ளைக்கு உண்டா? இந்த ஊரில் மலையேறுகிறவர்கள் இல்லாமலா இருக்கிறார்கள்? கிரிவிஹார் என்கிற சங்கம் 1954 இலிருந்து இருக்கிறது. பேலாப்பூர், மும்ப்ரா பாறைகளில் ஞாயிற்றுக்கிழமையானால் பிள்ளைகள் ஏறுவார்கள். 2016, 2017 இரண்டு வருஷமும் உலகக்கோப்பை பாறையேறும் போட்டியை நவி மும்பைக்கே கொண்டுவந்தார்கள். டோக்கியோ ஒலிம்பிக்ஸில் இது ஒரு பதக்க விளையாட்டாகவே ஆகிவிட்டது. காட்கோபரில் இருந்து கூப்பிடு தூரம். நம்ம குழுவில் யாருக்காவது தெரியுமா? எனக்கே இந்த ஜனவரியில்தான் தெரியும், அது வேற விஷயம்.

இன்னொரு வகை உண்டு. "எங்க காலத்துல பனைமரம் ஏறினோம், கிணத்துல குதிச்சோம், எந்த பெல்ட்டு? எந்த ஹெல்மெட்டு?" ஏறினீர்கள் சார், இல்லை என்று சொல்லவில்லை. எங்கள் தெருவிலும் எல்லாரும் நாவல் மரம் ஏறினோம். எங்கள் பெரியப்பா மகனும் ஏறினான். விழுந்து இடுப்பு உடைந்து, ஐம்பது வயசு வரைக்கும் விந்தி விந்தித்தான் நடந்தான். அவன் வாட்ஸாப்பில் பழைய நினைப்பு எழுதுவதில்லை. விழாதவர்கள்தான் எழுதுகிறார்கள்.

எல்லாத்துக்கும் மேலே, நாம் இருக்கிற ஊரைப் பாருங்கள். கோகுலாஷ்டமி அன்று காட்கோபரில் பால்கனியில் நின்று தஹி ஹண்டி பார்க்காத தமிழன் உண்டா? நம்ம ஊர் உறியடி, வழுக்குமரத்தோட பெரியண்ணன். 2012 இல் ஜோகேஸ்வரியின் ஜெய் ஜவான் குழு ஒன்பது அடுக்கு, 43.79 அடி ஏறி கின்னஸ் வாங்கியது. மேல் அடுக்குக்கு எடை குறைவான சின்னப் பையன்தான் வேணும். 2014 இல் பம்பாய் உயர்நீதிமன்றம் 18 வயசுக்குக் கீழே ஏற்றக் கூடாது, 20 அடிக்கு மேலே போகக் கூடாது என்றது. 2017 இல் உயரக் கட்டுப்பாடு போய்விட்டது, வயசு வரம்பு 14 ஆனது. 2022 இல் மாநில அரசு தஹி ஹண்டியை சாகச விளையாட்டு என்று அறிவித்து, இறந்துபோனால் குடும்பத்துக்கு 10 லட்சம் என்றது. நாம் என்ன செய்கிறோம்? பால்கனியில் இருந்து "பாவம், யார் பெத்த பிள்ளையோ" என்று சொல்லிக்கொண்டே மொபைலில் படம் எடுக்கிறோம். யார் பெத்த பிள்ளையோ என்று உயர்நீதிமன்றம் வரைக்கும் போய்க் கேட்ட மனுஷர்கள் இருந்ததால்தான் அந்த 14 ஆவது இன்று இருக்கிறது.

"ஒண்ணும் ஆகாது" கோஷ்டிக்கு ஒரே ஒரு தேதி சொல்கிறேன். 2024 மே 13. பந்த் நகர் பெட்ரோல் பங்க். சேடா நகர் முருகனைப் பார்க்கப் போகும்போது எத்தனை முறை அந்த ராட்சச விளம்பரப் பலகையைத் தாண்டிப் போயிருப்போம்? 40க்கு 40 அடிதான் மாநகராட்சி விதி, அது 120க்கு 120. யாராவது ஒரு நாள் நிமிர்ந்து பார்த்து "இதுக்கு யார் பர்மிஷன் கொடுத்தது?" என்று கேட்டோமா? நானும் கேட்கவில்லை. ஸ்கூட்டரில் அதன் நிழலில் நின்று பெட்ரோல் போட்டிருக்கிறேன். புழுதிக் காற்று ஒரு அடி அடித்தது, 17 பேர். அதே மாசம் 25 ஆம் தேதி ராஜ்கோட்டில் பிள்ளைகள் விளையாடும் கேம் ஸோன் எரிந்தது. தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று இல்லாமல் நடந்த இடம். அன்றைக்கு 99 ரூபாய் டிக்கெட் சலுகை, அதனால் நல்ல கூட்டம். நம்ம குரங்கணி? 2018 மார்ச். அங்கேயும் பணம் கட்டிப் போனவர்கள்தான், அனுமதி வாங்காத பாதையில் கூட்டிப்போகிறார்கள் என்று போனவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

சரி, கத்தினது போதும். அடுத்த சனிக்கிழமை நான் கர்ஜத் லோக்கலைப் பிடித்து நேரில் போனேன். தங்கமணி "ஆடிட்டுக்குக் கிளம்பியாச்சா" என்றாள்.

போவதற்கு முன்னால் ராத்திரி உட்கார்ந்து படித்தேன். மகாராஷ்டிராவில் 2021 ஆகஸ்டில் சாகசச் சுற்றுலாவுக்கு என்றே ஒரு கொள்கை வந்திருக்கிறது. நடத்துகிறவர்கள் சுற்றுலாத் துறையில் பதிவு செய்ய வேண்டும். ஐரோப்பாவில் இந்தக் கயிற்றுப் பாதைகளுக்கு இ.என். 15567 என்று தனித் தரமே இருக்கிறது. ஒரு பாகம் கட்டுமானத்துக்கு, ஒரு பாகம் நடத்துகிற முறைக்கு.

அந்த இடத்தில் பதிவு எண் கேட்டேன். "ப்ராசஸ்ல இருக்கு சார்." பேங்க்கில் நாங்களே தினமும் சொல்லுகிற வார்த்தை. அர்த்தம் எனக்குத் தெரியாதா!

கயிற்றைப் பார்த்தேன். இதில் ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை, யாரும் பார்க்கலாம். ஏறுகிறவர் இடுப்பில் இருந்து ரெண்டு கயிறு வரும், ரெண்டிலும் கொக்கி. ஒரு மரத்தில் இருந்து அடுத்த கம்பிக்கு மாறும்போது ஒரு கொக்கியைக் கழற்றி மாட்டி, அது பூட்டின பிறகுதான் அடுத்ததைக் கழற்ற வேண்டும். எந்த நொடியிலும் ஒன்றாவது மாட்டியிருக்கணும். அந்தக் கொக்கியில் கிலோநியூட்டன் கணக்கு பொறித்திருக்கும். 22 என்றால் சுமார் 2,200 கிலோ தாங்கும், பிள்ளைகளுக்குத் தாராளம். ஆக கொக்கியில் கோளாறு வருவது அபூர்வம், அதை மாட்டுகிற கையில்தான் வரும். அங்கே மேடையில் நின்ற பையனுக்குப் பதினேழு வயசு இருக்கும். சீக்கிரம் முடிக்கிற அவசரத்தில் ரெண்டு கொக்கியையும் ஒரே இழுப்பில் கழற்றி, அந்தப் பக்கம் ஒன்றாக மாட்டுகிறான். நடுவில் ரெண்டு விநாடி. அந்த ரெண்டு விநாடி ஒரு ஏழு வயசுப் பிள்ளை முப்பது அடியில் எதிலும் மாட்டாமல் நிற்கிறது. நான் எண்ணிக்கொண்டே நின்றேன், அரை மணி நேரத்தில் பதினோரு முறை.

அடுத்தது பெல்ட். சின்னப் பிள்ளைகளுக்கு இடுப்பு எலும்பு அகலமில்லை, தலைதான் கனம். இடுப்பு பெல்ட் மட்டும் போட்டால் தலைகீழாகக் கவிழ்ந்து நழுவ வாய்ப்பு உண்டு. அதனால்தான் தோள் வழியாகப் போகும் முழு உடம்பு பெல்ட் வேண்டும் என்கிறார்கள். அங்கே எல்லாருக்கும் ஒரே இடுப்பு பெல்ட், சின்னதுக்கு இறுக்கி ஒரு முடிச்சு. நைலான் வெயிலில் பலம் இழக்கும். நல்ல கம்பெனிகள் பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் பத்து வருஷத்துக்கு மேல் வேண்டாம் என்று எழுதுகின்றன. இதில் லேபிளே இல்லை, துவைத்துத் துவைத்துப் போயிருந்தது. "எப்போ வாங்கினது?" என்றேன். "நான் ஆறு மாசம் முன்னாடிதான் சார் சேர்ந்தேன்" என்றார் மேனேஜர். அந்தப் பையனைக் கோபிக்க எனக்கு மனசு வரவில்லை. அவனையும் எவனோ ஒரு தாளைக் கையில் கொடுத்து நிறுத்தியிருக்கிறான்.

புக்கிங்கை ரத்து செய்தேன். வீட்டில் ஒரு நாள் உண்ணாவிரதம். மேடம்தான்.

பிறகு இன்னும் ரெண்டு இடம் பார்த்து, மூன்றாவதில் ஒத்துவந்தது. மரம் கம்மி, உயரம் கம்மி, பணம் தலைக்கு 300 ரூபாய் அதிகம். ஆனால் நான் கேட்கும் முன்னாலேயே அந்த அம்மா ரிஜிஸ்டரை எடுத்துப் போட்டார். ஒவ்வொரு பெல்ட்டுக்கும் ஒரு நம்பர், வாங்கின தேதி, தினமும் காலையில் பார்த்தவர் கையெழுத்து. ஒவ்வொரு பெற்றோருக்கும் தனித் தாள், அதில் ஆபத்து என்னென்ன என்று எழுதியிருந்தது, "எங்கள் தவறுக்கும் நாங்கள் பொறுப்பல்ல" என்ற வரி இல்லை. இப்படியும் ஆட்கள் இருக்கிறார்கள் என்று சொல்லத்தான் வேணும்.

தாள்களை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். பட்டதாரி அப்பாக்கள், ஒரு சி.ஏ., ஒரு டாக்டர். லிஃப்ட் வருவதற்குள் கையெழுத்து போட்டுத் தந்தார்கள். மூன்று வீட்டில் முடியாது என்றார்கள், சரி என்று வந்துவிட்டேன். அது அவர்கள் உரிமை.

மேடத்தோட கிளாஸ்மேட் ஒருத்தி அசல்ஃபா குன்றுமேல் இருக்கிறாள். சேலத்துப் பக்கத்துக் குடும்பம். அம்மா வீட்டு வேலைக்குப் போகிறவர், அப்பா டெம்போ ஓட்டுகிறார். 2000 ஜூலையில் காட்கோபரில் மண் சரிந்து எழுபது பேர் போல செத்துப்போனார்களே, அந்த மாதிரி சரிவில்தான் அவர்கள் வீடும். படிகளில் ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு போனேன். "இங்கிலீஷ் வராதுங்க, நீங்க படிச்சுச் சொல்லுங்க" என்றார். முதல் வரியில் இருந்து கடைசி வரைக்கும் தமிழில் சொன்னேன். நடுவில் நிறுத்தி நிறுத்திக் கேட்டார்.

"பாப்பா மேல போயி பயந்துட்டா, எறக்கிவிட ஆளு இருக்கா, இல்ல முடிச்சாத்தான் எறங்கணுமா?"

"இருக்கும்மா."

"மழை வந்தா?"

"நிறுத்திடுவாங்க."

"கீழ யாருங்க நிப்பாங்க? ஒரு ஆளுக்கு எத்தன புள்ளைங்க?"

இந்தக் கடைசிக் கேள்வியை நான் கேட்கவே இல்லை மக்களே! ரிஜிஸ்டர், லேபிள், கிலோநியூட்டன் எல்லாம் பார்த்த ஆடிட்டர் அதை விட்டுவிட்டேன். அங்கேயே படியில் நின்று போன் போட்டுக் கேட்டேன். நாலு பிள்ளைக்கு ஒரு ஆள் என்றார்கள். அந்த அம்மா தலையை ஆட்டிவிட்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தமிழில் கையெழுத்துப் போட்டார்.

பதினோரு பிள்ளைகள் வந்தார்கள். பர்த்டே மேடம் ரெண்டாவது மேடையில் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அசையவில்லை. இருபது நிமிஷம். நான் கீழே இருந்து கத்தப் போனேன், அங்கிருந்த பெண் வாயில் விரலை வைத்து என்னைத்தான் அடக்கினாள். கடைசியில் "இறக்குங்க" என்றாள் என் மகள். இறக்கினார்கள். தண்ணி குடித்தாள், அரை மணி கழித்து அவளாகவே மறுபடி வரிசையில் போய் நின்றாள். அந்த முறை மூன்றாவது மேடை வரைக்கும். அசல்ஃபா பாப்பா முழுசையும் ரெண்டு தடவை முடித்துவிட்டு, கேக் எப்போ வெட்டுவீங்க என்று கேட்டுக்கொண்டிருந்தது.

அம்மாவுக்கு வீடியோ அனுப்பினேன். "பெல்ட்டு நல்லாத்தான் கட்டியிருக்கான்" என்று பதில் வந்தது.

பி.கு: முதல் இடத்தில் கட்டின அட்வான்ஸ் 5,000 இன்னும் வரவில்லை. ரத்து செய்தால் திருப்பித் தரமாட்டோம் என்று ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருக்கிறதாம். பின்பக்கத்தை நான் படிக்கவில்லை. தங்கமணி ஒரு வாரமாக இதைச் சொல்லியே சிரித்துக்கொண்டிருக்கிறாள்.